ஆறாம் இலக்க நீலத்தொப்பி

கேக் செய்யத் தெரியாததால்தான் நான் நீர்ப்பந்து விளையாட்டுக்குள் போனேன். ஜெர்மனியில் பிள்ளையை ஒரு விளையாட்டுக் கழகத்தில் சேர்த்தால் தாய் தகப்பனும் சேர்ந்துதான் இழுபட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாரோ கேக் கொண்டுவருவார்கள், யாரோ கோப்பி ஊற்றுவார்கள், யாரோ தண்ணீர்க்கரை மேசையில் இருந்து தாள் எழுதுவார்கள். நான் முதல்முறை கொண்டுபோன கேக் அடியில் கருகி நடுவில் மாவாக இருந்தது. அடுத்த வாரம் கழகத் தலைவர் என்னிடம் வந்து, "உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது, நீ மேசைக்கு வந்துவிடு" என்றார். கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர்.

ஒரு நாள் வகுப்பு, ஒரு சின்னப் பரீட்சை, கையில் ஒரு அட்டை. அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மூச்சு முட்டும். ஆனால் பதினொரு வருடம் அந்த மேசையில் இருந்தேன். விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை எனக்கு. வாரம் முழுக்கத் தட்டு, சனி ஞாயிறு தாள். இரண்டிலும் பிழை விடமாட்டேன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மேசை வேலை பெரிய வித்தையில்லை. தண்ணீருக்குள் பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு பக்கம் வெள்ளைத் தொப்பி, மறுபக்கம் நீலத் தொப்பி, தொப்பியில் இலக்கம். பெரிய தவறு நடந்தால் நடுவர் விசிலடித்துத் தவறு செய்தவரின் இலக்கத்தை விரல்களால் காட்டுவார். நான் அதை எழுதுவேன். தவறு செய்தவர் தன் மூலைக்கு நீந்திப்போய்க் காத்திருப்பார். நேரம் முடிந்ததும் அவருடைய நிறக் கொடியைத் தூக்குவேன், அவர் திரும்ப உள்ளே வருவார். ஒருவருக்கு மூன்று தவறு சேர்ந்துவிட்டால் சிவப்புக் கொடி. அத்தோடு அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. தாளில் உள்ளதுதான் சட்டம். நடுவர்கூட என்னிடம்தான் கேட்பார்.

மகன் காவல் ஆட்டக்காரன். எதிரணியின் ஆகப் பருத்த ஆளைக் கோலுக்கு முன்னால் பிடித்து நிறுத்துவது அவன் பொறுப்பு. அவன் செய்வதெல்லாம் தண்ணீருக்குக் கீழேதான் நடக்கும். மேலே தெரிவது தலை மட்டும். கோல் அடிக்கிறவனுக்குக் கைதட்டு, தடுக்கிறவனுக்கு விசில். இப்படி ஒரு இடத்தை ஏன் எடுத்தாய் என்று ஒருமுறை கேட்டேன். "வேறை ஒருத்தரும் விரும்பேல்லை அம்மா, அதுதான்" என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மின்சார வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, அட்ரியாட்டிக் கடலோரத்தில் ஒரு கழகம் கூப்பிட்டதென்று போய்விட்டான். நீர்ப்பந்து என்றால் அந்தப் பக்கத்துச் சனம் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து பார்க்கும். இவர், அவனுடைய அப்பா, கோபப்பட்டார். "பந்தை நம்பி ஆரேன் படிப்பை விடுவானோ?" என்று வாசலில் நின்று கேட்டார். மகன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவன் வீட்டுப்படி ஏறவில்லை. பயிற்சி, ஆட்டம், பயணம் என்று ஏதோ ஒன்று. தொலைபேசியில் "ஓம் அம்மா, சாப்பிட்டன் அம்மா" என்பதோடு முடிந்துவிடும். அவனுடைய அறைக்கதவை நான் மூடுவதில்லை. மூடினால் அவன் உள்ளே இருப்பதாக நினைத்துவிடுகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில், ஐரோப்பியக் கழகங்களின் கோப்பைப் போட்டியில் ஒரு சுற்று எங்கள் நீச்சல் மண்டபத்தில் நடக்கும் என்று முடிவானது. நாலு கழகங்கள், மூன்று நாள். அதில் ஒன்று எங்கள் கழகம், இன்னொன்று மகனுடையது. அவனே தொலைபேசி எடுத்துச் சொன்னான்.

"அம்மா, உங்கடை ஊருக்குத்தான் வாறம்."

உங்கடை ஊர் என்றதை விழுங்கிக்கொண்டேன். "வீட்டை வருவியோ?"

"கோச் விடமாட்டார். மூண்டு நாளும் எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை வெண்டால் அண்டைக்கு அங்கை தங்கி, திங்கள் காலமைதான் போவம். அப்ப பின்னேரம் வீட்டை வாறன். தோத்தால் ஆட்டம் முடிஞ்ச கையோடை பஸ்."

"ஞாயிறு ஆரோடை?"

"உங்கடை கழகத்தோடைதான்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடம் நான் உட்கார்ந்த கழகம் தோற்றால்தான் என் பிள்ளை வந்து என் கையால் சாப்பிடுவான். சனிக்கிழமை பின்னேரப் பூசையில் எதைக் கேட்பதென்று தெரியாமல் முழந்தாளில் இருந்தேன். கடைசியில், மாதாவே, எங்கள் கழகத்தை ஒரே ஒரு கோலால் மட்டும் தோற்கப்பண்ணும் என்று கேட்டேன். அதிகம் கேட்டால் அவ கோபிப்பா என்று நினைத்தேன்.

மகன் விளையாடுவதால் வெள்ளியும் சனியும் நான் மேசைக்குப் போகாமல் மேலே பார்வையாளர் இருக்கையில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தொப்பிகள்தான் தெரியும். அவனுக்கு ஆறாம் இலக்க நீலத் தொப்பி. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து போகும்போது ஒரு கை மேலே உயர்ந்தது. எனக்குத்தான் காட்டினான் என்று இவர் சொன்னார். பக்கத்தில் இருந்த ஐம்பது பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஞாயிறு காலை புட்டு அவித்து, இறைச்சிப் பிரட்டல் அடுப்பில் இருக்கும்போது கழகத் தலைவர் தொலைபேசி எடுத்தார். தாள் எழுதவேண்டியவருக்குக் கடும் காய்ச்சல், மேசைக்கு ஆள் இல்லை, நீ வர வேண்டும்.

"என் மகன் மற்றப் பக்கம் விளையாடுகிறான், உனக்குத் தெரியுமே" என்றேன்.

"தெரியும். உன்னைப்போல நேராக எழுதுகிற ஆள் இல்லை என்றும் தெரியும்."

போட்டியை மேற்பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நான் தாய் என்று அவர் கண்டுபிடிக்க வழியில்லை. எங்கள் வழக்கப்படி மகனின் பெயருக்குப் பின்னால் இவருடைய பெயர் நிற்கிறது, என் கடவுச்சீட்டில் என் அப்பாவின் பெயர் நிற்கிறது. இந்த நாட்டில் தாயும் பிள்ளையும் என்று நிரூபிக்க எத்தனை அரசாங்கக் கந்தோரில் எத்தனை தாள் கொடுத்திருப்பேன்! அன்றைக்கு அது வசதியாகப் போய்விட்டது. முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேர்மையில் எனக்கிருந்த நம்பிக்கையால் அல்ல. மேசை தண்ணீர்க்கரையில் இருக்கிறது, அங்கிருந்து முகம் தெரியும். அதற்காகத்தான் போனேன்.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்கள் ஆட்டக்காரர்களின் நகத்தைப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் ஒருவரை ஒருவர் பிறாண்டாமல் இருக்க இது ஒரு வழக்கம். வரிசையில் நின்று ஒவ்வொருவரும் கையை நீட்டுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல. மகன் எதிர்க்கரையில் நின்று கையை நீட்டினான். பதினாறு வயதுவரை, ஆட்டத்துக்கு முதல்நாள் நான்தான் அந்த நகங்களை வெட்டிவிடுவேன். நடுவர் பார்த்துத் தலையை ஆட்டி அடுத்தவரிடம் போனார். அப்போது மகன் நிமிர்ந்து மேசையில் என்னைக் கண்டான். புருவத்தைத் தூக்கினான். நான் பேனாவைத் தூக்கிக் காட்டினேன். கண்கள் கலங்கி, தாளில் திகதியைப் பிழையாக எழுதி வெட்டினேன். பதினொரு வருடத்தில் என் தாளில் விழுந்த முதல் வெட்டு.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் கோலுக்கு முன்னால் நிற்பவன் நூற்றுப்பத்துக் கிலோ இருப்பான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் பிள்ளை கிடந்தான். மூச்சு வாங்க வாயைத் திறக்கும்போது மட்டும் அவன் முகம் முழுதாகத் தெரிந்தது. தாடி வைத்திருந்தான். இடது கன்னம் இவரைப்போலவே குழி விழுந்திருந்தது. சரியாகச் சாப்பிடுகிறானில்லை என்று நினைத்தேன். முதல் கால்பகுதியில் ஒரு விசில், ஆறாம் இலக்கம். எழுதினேன். மூலைக்கு நீந்திப்போனான். நேரம் முடிய நீலக் கொடியைத் தூக்கினேன். என் கையசைவுக்காக அவன் காத்திருந்த அந்தச் சில விநாடிகள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன, அதையும் மறைக்கவில்லை.

இரண்டாம் கால்பகுதியில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோலுக்கு முன்னால் இரண்டு நீலத் தொப்பிகள் எங்கள் ஆளின் மேல் விழுந்தன. அதில் ஒன்று மகன். விசில். பெனால்டியில் தவறு செய்தவர் வெளியே போவதில்லை, தண்ணீருக்குள்ளேயே நிற்பார். ஆனால் தவறு அவர் பெயரில் தாளில் ஏறும். எழுதினேன்: நீலம், ஆறு. எங்கள் மண்டபத்துப் பழைய பலகை கோலையும் நேரத்தையும் மட்டும்தான் காட்டும். யார்மேல் எத்தனை தவறு என்பது என் தாளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கடிகாரமே பெரும்பாடு.

கடைசிக் கால்பகுதியில் அவர்கள் ஒரு கோல் முன்னால் நின்றார்கள். ஒரு கோல் என்றுதான் நான் கேட்டிருந்தேன். பின்னேரம் அப்பாவும் மகனும் முகம் பார்த்துப் பேசுவார்களா, முதலில் யாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது என்றெல்லாம் மனம் வீட்டுக்குள் ஓடித் திரிந்தது. அப்போது விசில் ஊதியது. நடுவர் மகனைக் கைகாட்டினார், ஆறாம் இலக்கம், வெளியே. எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அவன் வரிசையில் மூன்று நின்றது.

சிவப்புக் கொடி என் வலது கைப்பக்கம் இருந்தது. எடுத்துத் தூக்கினேன்.

மகன் தண்ணீருக்குள் நின்றபடி இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு, இரண்டு. அவனுடைய கோச் எதிர்க்கரையில் நின்று ஆத்திரத்தில் குதித்தார். எங்கள் கரையில் நின்ற நடுவர் மேசைக்கு நடந்துவந்து, "நிச்சயமா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மை. பெனால்டி நேரத்தில் நடுவர் காட்டிய கையை நினைத்துப்பார்த்தேன், நினைவில் வரவில்லை. ஆனால் தயங்கினால் என்ன ஆகும்? தாய் பிள்ளைக்காகக் கள்ளத்தாள் எழுதினாள் என்று நாளைக்குச் சொல்வார்கள். அதைவிட, அவன் பக்கம் வெல்ல வேண்டும் என்று என் மனம் கிடந்து துடித்தது எனக்கல்லவா தெரியும். அந்த மனதை நம்பிக் கொடியை இறக்குவதா? பிள்ளை என்று பார்க்காமல் எழுதினாள் என்ற பெயருக்கும் ஆசைப்பட்டேன். எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

"நிச்சயம். மூன்று" என்றேன்.

மகன் விரல்களை மடக்கினான். மூலைக்கு நீந்திப்போய் ஏறி, தொப்பியின் நாடாவை அவிழ்த்து, துவாயைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஆட்டக்காரர் வாங்கில் இருந்தான். அவனுக்குப் பதிலாக இறங்கியவன் இளைஞன், எங்கள் நூற்றுப்பத்துக் கிலோவைத் தாங்க அவனால் முடியவில்லை. அடுத்தடுத்து இரண்டு கோல். எங்கள் கழகம் ஒரு கோலால் வென்றது. எங்கள் ஆட்கள் வழக்கப்படி கோச்சைச் சட்டை சப்பாத்தோடு தூக்கித் தண்ணீருக்குள் எறிந்தார்கள். மண்டபம் அதிர்ந்தது. நான் குனிந்து தாளை முடித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வாங்காமல் மேசையை விட்டு எழும்பக்கூடாது.

வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடியபோது பஸ் புகைவிட்டுக்கொண்டு நின்றது. மகன் கதவடியில் நின்றான். ஈரத் தலை. அந்தக் குளிரில் தொப்பிகூடப் போடவில்லை.

"சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றேன்.

"பரவாயில்லை அம்மா. வழியிலை நிப்பாட்டுவினம்."

பிறகு மெதுவாகக் கேட்டான். "சரியாத்தானே எழுதினீங்கள்?"

"ஓம்" என்றேன்.

"சரி அம்மா." குனிந்து என் தோளைக் கட்டினான். குளத்து மருந்தின் மணம் என் குளிர்ச்சட்டையில் ஒட்டிக்கொண்டது. கோச் உள்ளேயிருந்து கத்தினார், ஏறிவிட்டான்.

வீட்டில் இவர் மூன்று சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்து, சவரம் செய்து, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டிருந்தார். கோபக்காரருக்குச் சேர்ட் எதற்கு என்று வேறு நேரமென்றால் கேட்டிருப்பேன். "பிள்ளை எங்கை?" என்றார். சொன்னேன். அவர் ஒரு கோப்பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

திங்கள் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அவர் கணினிக்கு முன்னால் இருந்தார். கழகம் ஆட்டத்தை ஒரு கமராவில் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. மகனைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறார். "இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டார். "இந்த இடத்தைப் பாரும்."

பெனால்டி. இரண்டு நீலத் தொப்பி. விசில். நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினார். ஒரு கையில் ஐந்து விரல், மற்றக் கையில் இரண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஐந்தும் இரண்டும். ஏழாம் இலக்கம். மகனுக்குப் பக்கத்தில் நின்றவன். அதற்குக் கீழே மேசையும் தெரிந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போது தலை நடுவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். என் கையாலேயே என் பிள்ளையை வெளியில் போட்டிருக்கிறேன். அவனுடைய கோப்பைப் போட்டியை முடித்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கேட்டபோது நேருக்கு நேர் ஓம் என்றும் சொல்லியிருக்கிறேன். இவர் என் தலையில் கைவைத்து, "ஆளெண்டால் பிழை விடுந்தானே" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை கழகத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நான்தான் அவனுடைய தாய் என்பதையும் மேலிடத்துக்கு எழுதுங்கள் என்றேன். எழுதினார். முறைப்பாடு செய்யும் நேரம் கடந்துவிட்டது, முடிவு மாறாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வென்ற ஆட்கள் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மகனுக்குச் சொல்ல மூன்று நாள் எடுத்தது. தட்டு அடுக்கும்போதெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்தேன். பயிற்சிக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் பெனால்டி உன்ரை இல்லை. ஏழாம் நம்பர். நான் பிழையா எழுதிப்போட்டன்."

"எனக்கு அப்பவே தெரியும் அம்மா."

"தெரிஞ்சுகொண்டோ பஸ்ஸடியிலை கேட்டனி?"

"ஓம். நீங்கள் ஓம் எண்டனீங்கள். அதுக்குப் பிறகு என்னத்தைச் சொல்லுறது?"

"நான் உன்ரை அம்மா எண்டு நீ அங்கையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என்னை மேசையாலை எழுப்பிப்போட்டு முழுத்தாளையும் பாத்திருப்பினமே."

"பாத்திருப்பினம்" என்றான். "எல்லாருக்கும் முன்னாலை உங்களை எழுப்பிவிட எனக்கு ஏலாது."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது. அவன் அவர்களிடம் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திரும்ப வந்தான்.

"என்னண்டு அம்மா? இத்தனை வருசமாப் பிழை விடாத ஆள். நடுவர் ரெண்டு கையாலையும் வடிவாத்தானே காட்டினவர்."

"நான் நடுவரைப் பாக்கேல்லை. உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். முழு ஆட்டமும் உன்னைத்தான் பாத்தனான். விசில் கேட்டோடனை உன்ரை நம்பர்தான் கையிலை வந்தது."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"சனம் பந்தைத்தான் பாக்கும் அம்மா" என்றான் பிறகு. குரல் உடைந்திருந்தது. "என்னை ஒருத்தரும் பாக்கிறேல்லை எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

நான் அழுதேன். அவன் பயிற்சிக்குப் போகாமல், தொலைபேசியை வைக்காமல் அங்கேயே நின்றான்.